இரண்டு இஞ்சி மூன்று நூல்

1

என்னுடைய வேலை கழுத்து அளப்பது. ஊரில் இருந்து யாராவது கேட்டால் மனைவி "இவர் மியூசிக் கடையிலை நிக்கிறார்" என்று சொல்லி முடித்துவிடுவாள். அதுவும் பொய்யில்லை. ஜேர்மனியின் வடக்கே, வருடத்தில் பாதி நாள் தூறிக்கொண்டிருக்கும் ஒரு சிறிய நகரத்தில், பழைய மின்சாரக் கிற்றார்களை வாங்கி விற்கும் கடை அது. ஐம்பது, அறுபது வயதான கிற்றார் ஒன்று கடைக்குள் வந்தால் முதலில் என் மேசைக்குத்தான் வரும். நான் கம்பிகளைத் தளர்த்திவிட்டு வேர்னியர் அளவுகோலை எடுப்பேன்.

கிற்றாரின் கழுத்து என்பது இடது கை பிடிக்கிற அந்த நீண்ட மரம். அதன் தலைப்பக்கத்தில் கம்பிகள் ஏறி இறங்கும் இடத்தில் ஒரு சிறிய எலும்புத் துண்டு இருக்கும். அந்த இடத்து அகலம் முதல் அளவு. பிறகு முதலாவது மெட்டில் தடிப்பு எவ்வளவு, பன்னிரண்டாவது மெட்டில் எவ்வளவு. வீணையில் மெட்டு என்போமே, அதேதான். அரை மில்லிமீற்றர் வித்தியாசத்துக்காக நூறு கிலோமீற்றர் கார் ஓட்டி வருகிற ஆட்கள் இங்கே இருக்கிறார்கள். வந்து, கண்ணை மூடிக்கொண்டு கழுத்தைத் தடவிப் பார்த்து, இது கொஞ்சம் மெலிவு என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போவார்கள். எனக்குச் சிரிப்பும் வருவதில்லை, கோபமும் வருவதில்லை. அளவைச் சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவேன்.

மரத்துக்குப் பிறகு இரும்புச் சாமான்கள். கம்பி இறுக்கும் முறுக்காணி ஆறும் ஆதியில் பூட்டியவைதானா, பழைய துளையை அடைத்து வேறு பூட்டியிருக்கிறார்களா? திருகாணித் தலையில் ஒற்றைக் கீறலா, சிலுவைக் கீறலா? கழுத்தை உடம்போடு இறுக்கும் நாலு திருகாணிகளில் மூன்று துருப்பிடித்து ஒன்று மட்டும் மினுங்கினால், இடையில் யாரோ கை வைத்திருக்கிறான் என்று அர்த்தம். நாலையும் கழற்றிக் கழுத்தைத் தூக்கினால், அதன் அடிக்கட்டையில் மரம் செதுக்கியவன் பென்சிலால் எழுதிய மாதமும் வருடமும் தெரியும். மனிதருக்கும் இப்படி ஓரிடத்தில் எழுதியிருந்தால் என் அகதி விசாரணை பாதி நேரத்தில் முடிந்திருக்கும்.

போன வருடம் முதலாளி கடையை மூடப்போவதாகச் சொன்னார். எழுபத்தைந்து வயது, கண் தெரியவில்லை, பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை. கடையில் உள்ள எல்லாவற்றையும் அளந்து பட்டியல் போடச் சொன்னார். கடைசியில் என் மேசைக்கு மேலே இருந்த ஆணியைக் காட்டினார். அதில் உடம்பு இல்லாத ஒரு கழுத்து இருபத்தெட்டு வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"இதை விற்கிறதா, எறிகிறதா?"

"அனுப்ப வேண்டும்" என்றேன்.

அன்றைக்குத்தான் அதை முதன்முதலாக வேர்னியரில் வைத்து அளந்தேன். எலும்பருகே ஒரு இஞ்சி ஐந்து நூல். உடம்போடு சேரும் அடிக்கட்டை இரண்டு இஞ்சி ஒன்றரை நூல். கடைத் தாளில் மில்லிமீற்றரில் எழுதினாலும் எனக்கு மனதில் வருவது நூல்தான். ஊரில் மரவேலைக்காரர்கள் ஒரு இஞ்சியை எட்டாக்கி, அதில் ஒரு பங்கை நூல் என்பார்கள்.

2

அந்தக் கழுத்து குகனுடையது.

குகன் வடக்குக் கடற்கரையில் கப்பலோட்டிகள் குடும்பம். நான் உரும்பிராயில் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. என் கையில் வெங்காய மணமும் அவன் கையில் டீசல் மணமும் இருந்த காலத்தில் ஒரு இசைக்குழுவில் சேர்ந்தோம். கோயில் திருவிழா, கலியாண வீடு, பாடசாலை நிதிக்காட்சி எங்கும் போவோம். அவனுடைய குஞ்சியப்பு, தகப்பனின் தம்பி, கப்பலில் வேலை செய்தவர். சிங்கப்பூரில் ஒரு மாலுமியிடம் வாங்கி வந்து கொடுத்த அமெரிக்கக் கிற்றார் அது. அதை வாசித்தவன் குகன். கழற்றிப் பூட்டித் துடைத்து எண்ணெய் போட்டவன் நான்.

நாட்டை விட்டுப் போவதென்று இருவரும் சேர்ந்துதான் முடிவெடுத்தோம். கொழும்பில் ஏஜென்சிக்காரன் ஒரு சிறு பைதான் கொண்டுவரலாம் என்று சொல்லிவிட்டான். முழுக் கிற்றார் கொண்டுபோக வழியில்லை. நாலு திருகாணிதானே என்று நான்தான் கழற்றினேன்.

"நீ முதல் போறாய், கழுத்தைக் கொண்டு போ. நான் ரண்டு மாசத்திலை உடம்போடை வாறன். அங்கை பூட்டுவம்" என்றான் குகன்.

நான் சாரத்துக்குள் கழுத்தைச் சுற்றிப் பைக்குள் வைத்தேன். அவன் வரவில்லை. அவனுடைய அம்மா நோயில் படுத்துவிட்டார், பிறகு சண்டையில் பாதை அடைபட்டது, பிறகு கலியாணம். இரண்டு கடிதம் வந்தது. இரண்டாவதில், நான் வரேல்லை மச்சான், கழுத்து உன்னட்டையே இருக்கட்டும், பிறகு பாப்பம் என்று எழுதியிருந்தான்.

அந்தப் பிறகு முப்பத்து மூன்று வருடம் நீண்டுவிட்டது. முதலில் தபால் போகவில்லை. தபால் போன காலத்தில் உடைந்துவிடும் என்று பயந்தேன். பயம் போன காலத்தில் வெட்கம் வந்துவிட்டது. அம்மாவின் செத்தவீட்டுக்கு நாலு நாள் ஊருக்குப் போனேன். குகன் அரை மணி நேரத் தூரத்தில் இருந்தான். கழுத்தைக் கொண்டுபோகாமல் எந்த முகத்தோடு போவதென்று போகவில்லை. அம்மாவுக்கும் அழவில்லை. ஏன் என்று தெரியாது, கண்ணீர் வரவில்லை. கொள்ளி வைத்துவிட்டு வந்து விமானச் சீட்டைச் சரிபார்த்தேன்.

என் மனதில் ஒரு படம் இருந்தது. அலுமாரிக்கு மேலே, பழைய துணி சுற்றி, கழுத்தில்லாத ஒரு கிற்றார் உடம்பு. கீழே கையைக் கட்டிக்கொண்டு குகன். வருடம் போகப்போக அவனுக்கு நரைத்தது, அந்தப் படத்தில் மற்றதெல்லாம் அப்படியே இருந்தது.

3

இந்த நாட்டில் நான் கற்ற முதல் சொல் வணக்கம் அல்ல, கழுத்து. அகதி முகாமுக்கு வந்த அன்று பையைச் சோதித்த காவலாளி கழுத்தைத் தூக்கிப் பார்த்து "ஹால்ஸ்?" என்றான். நான் தலையாட்டினேன். அதன் பெயர் ஹால்ஸ் என்று மனதில் பதித்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் வைத்தியப் பரிசோதனை. வெள்ளைச் சட்டை போட்ட தாதி என் பக்கம் குனிந்து "ஹால்ஸ்?" என்று கேட்டாள். தொண்டையைக் காட்டச் சொல்கிறாள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? ஜேர்மன்காரருக்குக் கழுத்தும் தொண்டையும் ஒரே சொல். நான் ஓடிப்போய் அறையிலிருந்து கழுத்தைக் கொண்டுவந்து நீட்டினேன். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு உள்ளே போய் இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வந்தாள். மூன்று பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு வாயைத் திறக்கச் சொன்னார்கள்.

அந்தக் கழுத்துத்தான் எனக்கு வேலையும் வாங்கித் தந்தது. முகாமிலிருந்து வெளியே வந்து ஐந்தாவது வருடம், உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த நாளில், இந்தக் கடைக்குள் அதைக் கொண்டுபோனேன். அதற்கு இங்கேயே ஒரு உடம்பு கிடைக்குமா என்று கேட்கத்தான் போனேன், விற்க அல்ல. முதலாளி முறுக்காணிகளைப் பார்த்தார். அடிக்கட்டையில் பென்சில் எழுத்தைப் பார்த்தார். இதை இவ்வளவு சுத்தமாக யார் வைத்திருந்தது என்று கேட்டார். நான் என்றேன். திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்.

உடம்பு ஒன்று தரவும் தயாராக இருந்தார். எனக்கு அது சரியாகப் படவில்லை. குகனின் கழுத்தில் வேறு உடம்பைப் பூட்டுவது அவனுக்குத் தெரியாமல் செய்கிற காரியம் போல இருந்தது. ஆணியில் மாட்டினேன். அந்தக் கழுத்தால் வீடு வந்தது, கார் வந்தது, மகள் படித்தாள். அவன் அங்கே கழுத்தில்லாமல் இருந்தான்.

4

எங்கள் குழுவில் ட்ரம் அடித்தவன் கனடாவில் இருக்கிறான். அவனிடம் குகனின் தொலைபேசி இலக்கம் வாங்கினேன். மூன்று நாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எடுத்தேன்.

"ஆர்?"

"நான் ரவி. ஜேர்மனி."

"எடேய்! உயிரோடையோ இருக்கிறாய்?"

குரல் அப்படியே இருந்தது. பெண்சாதியின் ஊரான உடுப்பிட்டியில் இருக்கிறானாம், ஒலிபெருக்கியும் லைற்றும் வாடகைக்கு விடுகிறானாம். நான் சுற்றிவளைக்காமல் கேட்டேன்.

"உடம்பு இருக்கோ?"

"சீனி இருக்கு, பிரஷர் இருக்கு."

"உன்ரை இல்லை. கிற்றாரின்ரை."

"ஓ, அதோ. இருக்கு, இருக்கு."

"கழுத்துப் பூட்டுற குழி இருக்கெல்லே, அதின்ரை அகலத்தை ஒருக்கா அளந்து சொல்லு."

ஏன் என்று கேட்டான். கழுத்தைக் கொண்டு வாறன் என்றேன். அவன் போனை வைத்துவிட்டு எங்கேயோ போனான். அழுகிறானோ என்று நினைத்தேன். பிறகு அளக்கிற அடிமட்டத்தோடு வந்தான்.

"ரண்டு இஞ்சி மூண்டு நூல்."

என் கையில் இருந்த கழுத்தின் அடிக்கட்டை இரண்டு இஞ்சி ஒன்றரை நூல். அடிமட்டத்தில் ஒவ்வொரு நூலையும் பாதியாக்கிச் சின்னக் கோடு ஒன்று இருக்கும். ஒன்றரை நூல் என்றால் மூன்று சின்னக் கோடு. குகன் வாசிக்கிறவன், மரவேலை தெரியாதவன், சின்னக் கோட்டைத்தான் நூல் என்று எண்ணியிருக்கிறான் என்று முடிவு செய்தேன். அப்படிப் பார்த்தால் அச்சொட்டாகப் பொருந்துகிறது. முப்பத்து மூன்று வருடத்தில் மரம் ஒரு மயிரளவுகூட மாறவில்லை என்று சந்தோசப்பட்டேன். சந்தோசம் என்றுதான் நினைக்கிறேன், எனக்கு அது அடிக்கடி வருவதில்லை.

"சரி மச்சான், பொருந்துது" என்றேன்.

"அப்பிடியோ?" என்றான் குகன். "அப்ப கொண்டு வா, பாப்பம்."

கழுத்தின் மேல்பலகை பிரேசில் காட்டு மரம். இப்போது அதை வெட்டவும் கூடாது, அனுமதிப் பத்திரம் இல்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுபோகவும் கூடாது. விண்ணப்பத் தாளில் இரண்டு பெட்டி இருந்தது, இசைக்கருவி அல்லது மரம். உடம்பு இல்லாததால் இசைக்கருவி இல்லை என்றார் ஓர் அதிகாரி. மெட்டுப் பதித்திருப்பதால் மரமும் இல்லை என்றார் அடுத்தவர். இது எப்போது இந்த நாட்டுக்குள் வந்தது, அத்தாட்சி எங்கே என்று மூன்றாமவர் கேட்டார்.

கடிதங்களை எழுதித் தந்தது மகள் ஆரணி. வேறு நகரத்தில் வேலை செய்கிறாள், மாதத்தில் ஒரு ஞாயிறு வருவாள். சாப்பிட்டுவிட்டு மடிக்கணினியைத் திறந்து, நான் தமிழில் சொல்லச் சொல்ல ஜேர்மனில் தட்டுவாள். பழைய பெட்டிக்குள் கிளறி அத்தாட்சியைக் கண்டுபிடித்ததும் அவள்தான். முகாமில் என் உடைமைகளைப் பதிந்த தாள் அது. சாரம் ஒன்று, சேட்டு இரண்டு, உலோகம் பதித்த மரத்துண்டு ஒன்று, நீளம் அறுபத்து நாலு சென்ரிமீற்றர். என் வாழ்க்கையில் நான் கொண்டுவந்த எல்லாமே நாலு வரிக்குள் இருந்தது. ஆரணி அதை இரண்டு தரம் வாசித்தாள்.

"அப்பா, அந்த அங்கிள் இது வேணும் எண்டு சொன்னவரா?"

"அது அவன்ரை."

"இல்லை, வேணுமா எண்டு கேட்டீங்களா?"

"கேக்கத் தேவையில்லை. நீ எழுது."

கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன். அவள் அதற்கு மேல் தமிழில் ஒன்றும் கேட்கவில்லை. எழுதி முடித்து, பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனாள். எட்டு மாதம் கழித்துப் பத்திரம் வந்தது. புறப்படும் நாள் முதலாளி என் தோளில் தட்டி, கழுத்தும் காலும் முறியட்டும் என்று வாழ்த்தினார். இங்கே அப்படித்தான் வாழ்த்துவார்கள். ஆனாலும் பையைத் திறந்து கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

5

உடுப்பிட்டியில் குகன் வீட்டு முற்றம் நிறைய ஒலிபெருக்கிப் பெட்டிகள், சுருட்டி வைத்த வயர்கள், ஒரு ஜெனரேற்றர். அவன் வெறும் மேலோடு வந்து கட்டிப்பிடித்தான். வயிறு வைத்திருந்தது, தலைக்குக் கறுப்பு மை பூசியிருந்தான்.

"என்னடா, வெள்ளைக்காரன் சாப்பாடு தாறேல்லையோ?"

பெண்சாதி படிப்பிக்கிறாள், பள்ளிக்கூடம் விட்டு வர இரண்டு மணியாகும் என்றான். தேநீர் அவனே போட்டான். நான் பையிலிருந்து கழுத்தை எடுத்துச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தேன். அவன் அதை வாங்கி, திருப்பி, தலைப்பக்கத்தைப் பார்த்தான்.

"நல்லா வைச்சிருக்கிறாய்" என்றான். பிறகு என்னிடமே தந்துவிட்டு, கிற்றாரை எடுத்து வர உள்ளே போனான்.

அவன் கொண்டுவந்த கிற்றாருக்குக் கழுத்து இருந்தது. வேறு கிற்றார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு உடம்பின் கீழ்மூலையில், நான் ஒருமுறை கை தவறிப் போட்டதில் பெயர்ந்த இடம் தெரிந்தது.

"இது?"

"முதிரை மரம். வள்ளம் கட்டுற ஓடாவி ஒருத்தரைக் கொண்டு செய்விச்சது."

"எப்ப?"

"நீ போன வருசமே. நான் வரேல்லை எண்டு முடிவானவுடனை. கலியாணச் சீசன் வந்திட்டுது, சும்மா இருக்கேலுமே?" அவன் திருகாணிகளைத் தட்டிக் காட்டினான். "ஓடாவிக்கு வள்ளத்துக்கு வைச்சுத்தான் பழக்கம். அகலம் கூடிப்போச்சு, குழிக்குள்ளை இறங்கேல்லை. பிறகு குழியைச் செதுக்கிப் பெருப்பிச்சம். ரண்டு இஞ்சி மூண்டு நூல். உனக்குப் போனிலை சொன்னனான்தானே."

சொன்னான்தான். அவன் நூலைத்தான் நூல் என்று சொல்லியிருக்கிறான்.

"கம்பி எடுக்கேலாத காலமெல்லே அது" என்றேன்.

"சைக்கிள் பிரேக் வயரை உரிச்சுப் போட்டனான்."

"கரண்ட்?"

"டைனமோ. ஒருத்தன் சைக்கிளை நிப்பாட்டிப்போட்டு மிதிப்பான், நான் ரேடியோவிலை குடுத்து வாசிப்பன். அவன் களைச்சால் சத்தம் குறையும், பொம்பிளை வீட்டுக்காரர் வந்து பேசுவினம்." அவன் வயிறு குலுங்கச் சிரித்தான். "எத்தினை கலியாணம் மச்சான்! இப்பவும் போன கிழமை ஒண்டு."

என்ன செய்வதென்று தெரியாமல் வேர்னியரை எடுத்தேன். எலும்பருகே அகலம் ஒரு இஞ்சி ஏழு நூல். முதலாவது மெட்டில் தடிப்பு ஒரு இஞ்சிக்கு மேலே. மெட்டுகள் பித்தளை, எல்லாம் நடுவில் தேய்ந்து குழி விழுந்திருந்தன. எங்கள் கடைக்கு வருகிறவர்கள் கண்ணை மூடித் தடவினால் துடுப்பு என்று சொல்வார்கள். வாங்கி வாசித்துப் பார்த்தேன். என் விரல்கள் மறுபக்கத்துக் கம்பிக்கு எட்டவில்லை. குகன் வாங்கினான். அவன் கை அதைச் சுற்றி இலேசாகப் போய்வந்தது.

"ரண்டு பக்கமும் மெல்லிய மரச் சிலாகை வைச்சு இறுக்கினால் உன்ரை கழுத்தும் நிக்கும்" என்றான் வாசித்தபடியே. "ஆனா ஏன்? இது நல்லாத்தானே கிடக்கு."

"பிறகேன் கொண்டு வா எண்டனி?"

"நீ அவ்வளவு ஆசையாக் கேட்டாய். வேண்டாம் எண்டு சொல்ல மனம் வரேல்லை. அந்தச் சாட்டிலை எண்டாலும் வருவாய் எண்டு பாத்தன்."

நான் கழுத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பிறகு நான் சொன்னேன், கழுத்தில்லாமல் நீ என்ன செய்வாய் எண்டு இவ்வளவு காலமும் யோசிச்சுக்கொண்டே இருந்தனான் என்று. அவன் வாசிப்பதை நிறுத்தினான்.

"நானும் முதல்லை யோசிச்சனான், உடம்பில்லாமல் நீ என்ன செய்வாய் எண்டு. பிறகு மறந்துபோச்சு. கோவிக்காதை."

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். ஒரு தவறும் நடக்கவில்லை, யாரும் காத்திருக்கவில்லை, அவன் ஒரு கலியாணத்தையும் தவறவிடவில்லை. ஆனால் நிம்மதி வரவில்லை. வலித்தது. அம்மாவின் செத்தவீட்டில் வராத துக்கம் அங்கே பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தபோது வந்தது. அவன் எனக்காகக் காத்திருக்கிறான் என்பதுதான் ஊரில் எனக்கு மிச்சமிருந்த ஒரே காணி. அதில் முதல் வருடமே வேறு வேலி போட்டுவிட்டார்கள், எனக்குத்தான் ஆரும் சொல்லவில்லை. பிழையும் அவர்களில் இல்லை. நான் கேட்கவில்லை.

இரண்டு மணிக்குப் படலை திறந்தது. குகனின் பெண்சாதி ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு வந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"ரவி அண்ணையே? இவர் உங்களைப் பற்றிக் கனக்கச் சொல்லியிருக்கிறார். கீரிமலைக் கேணிக்குள்ளை வேட்டி கழண்டு போனது உங்களுக்குத்தானே?"

எனக்கு அது நினைவிலேயே இல்லை. குகன் விழுந்து விழுந்து சிரித்தான். அவர் ஹெல்மெற்றைக் கழற்றித் தூணில் மாட்டிவிட்டு, சோறு போடவோ என்று கேட்டார். பிறகு என் மடியைப் பார்த்தார்.

"உது என்ன அண்ணை, கையிலை?"

முப்பது வருடத்துக்கு மேல் அந்தக் கிற்றாரோடு ஒரே வீட்டில் இருந்தவருக்கு, அதற்கு முதலில் வேறு கழுத்து இருந்தது தெரியவில்லை. நான் குகனைப் பார்த்தேன், அவன் சொல்லட்டும் என்று. அவன் ஒரு கம்பியை முறுக்கிச் சுருதி பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது அவன்ரை வேலைச் சாமான்" என்றான், நிமிராமல்.

"ஓம்" என்றேன்.